பன்னெண்டாவது டேக்

இல்ல வக்கீல் சார், அந்த சீன மட்டும் வெட்ட முடியாது. கதவப் பூட்டுறதத் தூக்கிட்டா அப்புறம் படத்துல என்ன இருக்கு? ரெண்டு மணி நேரம் பொம்பளைங்க துணி தச்சுக்கிட்டே இருப்பாங்க, அதையா உக்காந்து பாக்குறது?

அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. டைரக்டர் வர நேரமாகும், ஷிப்டு முடியணும்ல. ஆமா, சட்டைக்குக் காஜா போடுற பொண்ணுதான் டைரக்டர். சிரிக்காதீங்க சார். உங்க கம்பெனி எரிஞ்சப்ப செத்துப்போன மூணு பேர்ல ஒருத்தி அவ அம்மா.

கேமராவா? செல்போன்தான். உங்க மேனேஜரா நடிச்சது இஸ்திரி போடுற அக்கா. ஒட்டு மீசைய வச்சுக்கிட்டு அந்தக்கா ஒரு அதட்டு அதட்டுனா, நெசமான மேனேஜரே எழுந்து நிப்பாரு. நான் மைக் புடிச்சேன். முன்னாடி உங்க கம்பெனியில லோடு ஏத்துனவன்தான்.

படத்துல பேசுறது புரியலையா? இதயேதான் படம் பாத்த இன்னொருத்தரும் சொன்னாரு, எல்லாருக்கும் புரியுற பாஷையா மாத்துங்கன்னு. எதுக்கு மாத்தணும்? இத்தன வருஷம் உங்க பாஷையில அடிச்ச பேப்பர்லதான நாங்க கையெழுத்து போட்டோம். இப்ப நீங்க கொஞ்சம் கஷ்டப்பட்டுப் புரிஞ்சுக்கோங்க.

கதவு துருப்புடிச்சு இறுகிக்கிச்சுன்னு ரிப்போர்ட்டு இருக்கு, தெரியும். நீங்க எழுதுன ரிப்போர்ட்டு. அந்தக் கதவ நீங்க பழைய இரும்புக் கடையில தள்ளிவிட்டீங்க பாருங்க, அத நாங்க தேடிப் புடிச்சுத் தூக்கிட்டு வந்துட்டோம். படத்துல வர்றது அதே கதவுதான். அதே பூட்டுதான். பூட்டு இன்னும் கொண்டியில தொங்கிக்கிட்டு இருந்துச்சு சார். சாவி மட்டும் இல்ல, புதுசா ஒண்ணு செஞ்சுக்கிட்டோம்.

எங்க படத்துல ஒரு வழக்கம் வச்சிருந்தோம். ஓகே சொல்றது டைரக்டர் இல்ல, அன்னைக்கு உள்ள மாட்டி, ஜன்னல ஒடைச்சுத் தப்பிச்சவங்க. இந்த சீனுக்கு அவங்கள்லாம் கதவுக்கு உள்பக்கம் கண்ண மூடிக்கிட்டு உக்காந்தாங்க. ஏன்னா பூட்டுனவன அவங்க பாக்கல, சத்தம்தான் கேட்டுச்சு. முடி வெட்டுற அண்ணன்தான் பூட்டுறவரா நடிச்சாரு. பதினோரு தடவ பூட்டுனாரு. ஒவ்வொரு தடவையும் உள்ள இருந்து, இது இல்லன்னு ஒரே பதில். என்ன இல்லன்னு கேட்டா அவங்களுக்கும் சொல்லத் தெரியல. அண்ணன் கோவிச்சுக்கிட்டு சாவியத் தூக்கிப் போட்டுட்டாரு.

நான் மைக்க பக்கத்துல இருந்தவர்கிட்ட குடுத்துட்டுப் போய் சாவிய எடுத்தேன். அந்தக் கதவு கீழ கொஞ்சம் வளைஞ்சிருக்கும். முழங்கால வச்சு ஒரு இடி இடிச்சாத்தான் கொண்டி மாட்டும். இடிச்சேன், மாட்டுனேன், பூட்டுனேன், ஒரு தடவ இழுத்துப் பாத்தேன்.

உள்ள ஒரு அக்கா அழ ஆரம்பிச்சாங்க. அப்புறம் யாரோ ஓகேன்னாங்க. கதவத் தெறந்ததும் வரிசையா வெளிய வந்தாங்க, ஒருத்தரும் என் மூஞ்சியப் பாக்கல. டைரக்டர் பொண்ணு மட்டும் செல்போன இறக்காம என்னையே படம் புடிச்சுக்கிட்டு நின்னா.

நல்லா நடிச்சீங்கன்னு ஒருத்தரும் சொல்லல சார். கடைசில பேர் போடுறப்ப, உங்களுக்கு என்ன வேஷம்னு போடன்னு அவ கேட்டா. வேஷம்னு போடாதம்மா, பேர மட்டும் போடுன்னேன். அப்படியே போட்டா.

இப்ப எதுக்குப் பேனாவ மூடுறீங்க, எழுதிக்கோங்க. அன்னைக்கும் பூட்டுனது நான்தான். சாவியக் கையில குடுத்து, ஆர்டர் முடியுற வரைக்கும் ஒருத்தியும் வெளிய போகக் கூடாதுன்னு சொன்னது உங்க மேனேஜர். தீப் புடிச்சதும் உள்ள கத்துனது எனக்குக் கேட்டுச்சு. சாவிய எடுத்துக்கிட்டு ஓடிட்டேன். மூணு வருஷம் வாயத் தெறக்கல.

கேஸ் போடுவேன்னு சொன்னீங்கல்ல, தாராளமாப் போடுங்க. கூண்டுல ஏறி நின்னு இதச் சொல்லணும், என்னை யாரும் இதுவரைக்கும் கூப்பிடல.