வராமலே தொறந்து பாக்குற நம்பர்

மெசேஜ் போற லிஸ்ட்டுல அந்த ஒரு நம்பரை விட்டுட்டு, வராத மத்த நம்பரையெல்லாம் அழிங்க சார். அது டெஸ்டுக்குப் போட்டது. ஆமா, எந்த மெசேஜ் அனுப்பினாலும் ஒண்ணு விடாம தொறக்கும், ஆனா ஆஸ்பத்திரிக்கு வராது. டெஸ்ட் நம்பர்னா அப்படித்தானே இருக்கும்?

மொதல்ல உக்காருங்க. வெளிய பனி கொட்டுது, நீங்க என்னடான்னா ஐஸ் போட்ட காபி. எங்க வெப்சைட்டையும் மெசேஜையும் மாத்திக் குடுக்க சியோல்ல இருந்து இந்தத் தேகு ஊருக்கு வந்திருக்கீங்க, வழியெல்லாம் அதையே உறிஞ்சிக்கிட்டா வந்தீங்க?

எது, பியோன் டாக்டர் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிற போட்டோவா? அதைத் தூக்கிடச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிச்சுது. அவரு பிரசவ ஆஸ்பத்திரி, அவரு வெப்சைட்டு, அவரு மூஞ்சி. ஆனா இந்தப் படத்தைப் பாருங்க, வெப்சைட்டுக்கு வர்றவங்க விரல் எங்க பட்டுதோ அங்கெல்லாம் செவப்பா காட்டுதுல்ல? புருஷன்மாரு நேரா கார் நிறுத்துற எடத்தைத் தேடுறாங்க. மாமியாருங்க, பிரசவம் ஆனவளுக்குக் கடல்பாசி சூப்பு எத்தனை வேளைன்னு பாக்குறாங்க. டாக்டர் மூஞ்சியில ஒரு பொட்டு செவப்பு இல்ல. சாப்பாட்டுப் பக்கத்தைத் தூக்கி மேல வச்சேன், அப்புறம்தான் போன் அடிக்க ஆரம்பிச்சுது.

ஐயோ, அந்தப் பக்கத்துல மட்டும் விளம்பரம் வேணாம் சார். மாசமா இருக்கிறப்ப ரத்தம் பட்டா என்ன செய்யணும்னு போட்டிருக்கிற பக்கம் அது. அதுலதான் எல்லாரும் ரொம்ப நேரம் நிக்கிறாங்க, வாஸ்தவம்தான். பிடிச்சுப்போயா நிக்கிறாங்க? பாத்ரூம்ல உக்காந்துக்கிட்டு மேலயும் கீழயும் தள்ளிக்கிட்டே இருப்பாங்க. அங்க போயி பிரசவ ரூமுக்குச் சலுகைன்னு போட்டா வெளங்குமா? எனக்கு எப்படித் தெரியுமா... இத்தனை வருஷமா இதைத்தானே பாத்துக்கிட்டிருக்கேன்.

வயித்துப் பேரு கேக்குற கட்டம் என் யோசனை. முன்னாடி அன்பான வாடிக்கையாளரேன்னு அனுப்பிக்கிட்டிருந்தாங்க, ஒருத்தரும் சீண்ட மாட்டாங்க. வயித்துல இருக்கிறப்ப வீட்டுல செல்லமா கூப்பிடுறோமே, அந்தப் பேரை வாங்கி மேல போட்டேன். ஒருத்தி பயறுன்னு வச்சிருப்பா, ஒருத்தி குட்டிப்புலின்னு வச்சிருப்பா. பயறோட அம்மா, பயறுக்கு இப்ப காது கேக்க ஆரம்பிச்சிருக்கும்னு வந்தா தொறக்காம இருப்பாளா? பொறந்த பிறகும் நான் விடல. நூறாம் நாள் வாழ்த்து, மொதப் பொறந்தநாள், தடுப்பூசி, பல்லுன்னு வரிசையா எழுதிப் போட்டிருக்கேன். நம்ம குழந்தைங்க டாக்டர்கிட்ட இன்னைக்குக் கூட்டம் அள்ளுதுன்னா அதனாலதான்.

மறுபடியும் அந்த நம்பருக்கே வர்றீங்களே. டெஸ்ட் நம்பருக்கு எதுக்கு வயித்துப் பேரா? சல்தொக்னு போட்டிருக்கும். உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகலையா? அப்ப தெரியாதுதான். அந்த ஒட்டுற அரிசிப் பலகாரம் கணக்கா, வயித்துலயே நல்லா ஒட்டிக்கிட்டுக் கெடக்கட்டும்னு நெறைய பேர் வைக்கிற பேரு.

ஒட்டல சார்.

போஹாங்ல எங்கம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்க இருக்கிற ஆஸ்பத்திரியிலயே எல்லாம் முடிஞ்சுபோச்சு. இங்க நடந்திருந்தா டாக்டர் குறிச்சிருப்பாரு, மெசேஜும் தானா நின்னிருக்கும். இந்தக் கம்ப்யூட்டர்கிட்ட யாரும் சொல்லல. நானும் சொல்லல. திரும்பி வந்து இதே மேசையில உக்காந்திருக்கேன், சல்தொக் அம்மா, சல்தொக் இப்ப ஒரு கத்திரிக்கா அளவு இருப்பான்னு என் போன்ல வருது. நான் எழுதின வரிதான். அப்புறம் அவனுக்குப் பல்லு மொளைச்சுது. நடந்தான். தடுப்பூசிக்கு நாளாச்சுன்னு வந்தப்ப, கூட்டிட்டுப் போகணுமேன்னு பையைத் தூக்கிக்கிட்டு எழுந்துட்டேன். பயமாத்தான் இருக்கு சார், ஆனா நிறுத்த மனசு வரல.

அழிக்க மாட்டீங்கள்ல? ரொம்ப நல்லது. இருங்க, இன்னொண்ணு இருக்கு. வர்ற மார்ச்ல அவனுக்குப் பள்ளிக்கூடம். அதுக்கு முன்னாடி கண்ணைக் காட்டிருங்கன்னு ஒரு மெசேஜ் வரும், அதோட நான் எழுதினது தீந்துருது. நீங்கதான் எல்லாத்தையும் புதுசா எழுதப் போறீங்களே, பள்ளிக்கூடம் போற பிள்ளைங்களுக்கும் சேத்து எழுதுங்க. ஆஸ்பத்திரிக்கும் ஆதாயம்தான், பியோன் டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன். என்ன எழுதுறீங்கன்னு மட்டும் என்கிட்ட காட்டாதீங்க. நான் எழுதினதையே நான் தொறந்து பாத்துக்கிட்டிருக்கேன் சார். ஒரு தடவையாவது, அவன் என்ன பண்றான்னு வேற யாராவது எனக்குச் சொல்லட்டும்.