கட் சொன்ன பிறகு

நேற்று விசாரணைக்காக எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தபோது நீங்களும் சுவரைத் தட்டிப் பார்த்தீர்கள், மேடம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், வருகிறவர்கள் எல்லாரும் தட்டித்தான் பார்ப்பார்கள். டிவியில் பங்களாவாகத் தெரிவது நேரில் வெறும் பிளைவுட். மாடிப்படி பாதியில் நின்றுவிடும். பூஜை அறைக்குப் பின்னால் போனால் துடைப்பமும் வாளியும் இருக்கும். சமையலறைக் குழாயைத் திறந்தால் காற்றுகூட வராது.

அதையெல்லாம் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா?" என்பார்கள்.

அனுப்ரியாவின் புருஷன் ரித்திக்குக்கு அந்தக் கிளமெண்டி வீடு எப்படித் தெரிந்தது என்பதுதான் உங்கள் கேள்வி. அவள் அவனிடம் சொல்லியிருக்க மாட்டாள். அவளுடைய தோழியும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். ஆனால் இந்த 'இவ்ளோதானா'விலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்கு விளங்கும்.

நான் தமிழ் நிகழ்ச்சிகளுக்கு ஃப்ளோர் மேனேஜராக இருந்தவன். படப்பிடிப்புத் தளத்தில் யார் எங்கே நிற்பது, எப்போது பேசுவது, எப்போது நிறுத்துவது எல்லாம் என் கையசைவில்தான். இந்த ரகுபதி நான் 'கட்' சொல்லும்வரை ஒருவரும் தும்மக்கூட மாட்டார்கள். சொன்ன பிறகு அவரவர் சொந்த முகத்துக்குத் திரும்புவார்கள். மாமியாராக மிரட்டியவர் செருப்பைக் கழற்றிக் காலை நீவிக்கொண்டு கடன்காரனைப் பற்றிப் புலம்புவார். 'கட்'டுக்குப் பிறகு பேசியது தளத்தைத் தாண்டி வெளியே போகாது. எழுதி ஒட்டிய விதி இல்லை. ஆனால் அதை மீறினவனோடு எங்களில் யாரும் ஒரு தேத்தண்ணிகூடக் குடிக்க மாட்டோம்.

தொடர்கள் குறைந்ததும், ஸ்டூடியோவைச் சுற்றிக் காட்டுகிற வேலையை நிர்வாகம் எனக்குக் கொடுத்தது. சந்தோஷமாகத்தான் ஏற்றுக்கொண்டேன். முதல் நாளே ஒரு அப்பா, "என்ன அண்ணே, ஆங் மோ கியோலேர்ந்து பிள்ளைங்களக் கூட்டிட்டு வந்தேன், ஒரு நடிகர்கூட இல்லையாலா?" என்று கேட்டார். அந்தப் பிள்ளை பிளாஸ்டிக் ஆப்பிளைக் கடித்துப் பார்த்துவிட்டு அழுதது. இணையத்தில் ஒரு அம்மா, 'வழிகாட்டி நன்றாகப் பேசுகிறார், பார்க்கத்தான் ஒன்றும் இல்லை' என்று எழுதினார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தப் பரிதாபம் என்னைத் தின்றது. என் ஆயுசை எல்லாம் போட்ட இடம் பார்க்க ஒன்றுமில்லாத இடமாகிவிட்டதே என்று கூனிக் குறுகிப் போனேன்.

சுற்றுலாவின் கடைசியில் ஒரு விளையாட்டு உண்டு. குடும்பப் பிரச்சினைகளைப் பேசும் பழைய நிகழ்ச்சி ஒன்றின் செட் அப்படியே இருக்கிறது, இரண்டு நாற்காலியும் ஒரு குத்துவிளக்கும். வந்தவர்களில் ஒருவரை உட்காரவைத்து, சட்டையில் மைக் குத்தி, நான் கேள்வி கேட்பேன். மற்றவர்கள் மாடியில் கட்டுப்பாட்டு அறையில் டிவி பெட்டிகளில் பார்ப்பார்கள். உட்கார்ந்தவர் விறைத்துப்போய், "எங்க குடும்பம் ரொம்ப சந்தோஷமான குடும்பம்" என்பார். மேலே கொட்டாவி விடுவார்கள்.

ஒருநாள் நான் கட் சொல்லியும், மேலே ஒலியைப் பார்த்துக்கொள்ளும் ரஃபீக் மைக்கை மூடத் தாமதித்துவிட்டான். கீழே இருந்த அம்மா நிம்மதியாக மூச்சுவிட்டு, "அப்பாடா. அங்கிள், உண்மையச் சொல்லட்டா? என் மருமக வைக்கிற ரசத்துக்கு பைப் தண்ணியே தேவலை" என்றார். மாடியில் எழுந்த சிரிப்பு கீழே எனக்கும் கேட்டது. மருமகளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை என்று ரஃபீக் பிறகு சொன்னான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு எல்லாரும் ஐந்து நட்சத்திரம் போட்டார்கள்.

அடுத்த முறை மைக்கை மூட வேண்டாம் என்று நானே ரஃபீக்கிடம் சொன்னேன். கட் சொல்லி, விளக்கைக் குறைத்து, தண்ணீர் கொடுப்பேன். "மேல எல்லாரும் எடிட்டிங் ரூமுக்குப் போய்ட்டாங்க" என்பேன். பிறகு, "அப்புறம், வாழ்க்கை எப்படிப் போவுது?" என்பேன். அவ்வளவுதான். மனிதர்கள் கேட்பாரில்லாமல் கிடக்கிறார்கள், மேடம். வேலை போனதை மனைவிக்குச் சொல்லாதவர், தங்கச்சி கல்யாணத்தை வயிற்றெரிச்சலோடு பார்த்தவள், எல்லாரும் கொட்டினார்கள். முடிவில் மைக் திறந்திருந்த விஷயத்தைப் போட்டு உடைப்பேன், முகம் சிவந்து சிரித்துக்கொள்வார்கள். சிரிக்காமல் போனவர்களும் உண்டு. ஆனால் ஒருவரும் 'இவ்ளோதானா' என்று சொல்லவில்லை. நான் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. வந்தவர்கள் ஏமாந்து திரும்பக் கூடாது என்று மட்டும் நினைத்தேன்.

அனுப்ரியா வந்தது ரித்திக்கின் கம்பெனி குடும்ப விழாவுக்காக. லிட்டில் இந்தியாவிலிருந்து பஸ் வைத்து அழைத்து வந்திருந்தார்கள். அவன் அவளுடைய கைப்பையைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தான். ரொம்ப மரியாதையான பையன். யார் உட்காருகிறீர்கள் என்று நான் கேட்டதும், "என் வைஃப் போகட்டும் அங்கிள், டிவின்னா அவங்களுக்கு உயிர்" என்றான். அந்த வெயிலிலும் அவள் முழுக்கை சட்டை போட்டிருந்தாள்.

மைக் குத்தும்போது அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "என்னைத் தெரியலையா அங்கிள்? ஸ்கூல் படிக்கிறப்ப க்விஸ் நிகழ்ச்சிக்கு வந்தேன். பயத்துல அழுதுட்டேன். நீங்கதான் என் மைக்கக் கையால மூடிட்டு, 'நான் கட் சொல்லிட்டா நீ என்ன வேணா பேசலாம், யாருக்கும் கேக்காது'ன்னு சொன்னீங்க."

எனக்கு நினைவில்லை. "மறப்பேனா?" என்றேன்.

விளையாட்டு நிகழ்ச்சியில் அவளும் சந்தோஷமான குடும்பம் என்றுதான் சொன்னாள். நான் கட் சொன்னேன். விளக்கைக் குறைத்தேன். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன், வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். அவள், "வர்ற வெள்ளிக்கிழமை நான் போறேன் அங்கிள். அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா என்னை உயிரோட விடமாட்டாரு" என்றாள்.

என் காதில் மாட்டியிருந்த கருவியில் ரஃபீக்கின் குரல் வந்தது. "அண்ணே, மைக்க மூடிடவா? புருஷன் இங்கதான் நிக்கிறாரு."

முதல் நாள் விசாரணையில், மூடச் சொல்ல மறந்துவிட்டேன் என்றேன். ரஃபீக்தான் மந்தம் என்றும் சொன்னேன். அது பொய், மேடம். அந்தப் பையன் மேல் பழி போட்டதை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. என் வலது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஆள்காட்டி விரலைச் சுழற்றினேன். எங்கள் தொழிலில் அதற்கு அர்த்தம், நிறுத்தாதே, ஓடட்டும். அவன் மேலே அதைக் கேமராவில் பார்த்துவிட்டு மைக்கை மூடாமல் விட்டுவிட்டான். என் கையசைவுக்குக் கீழ்ப்படியாமல் யார்தான் இருந்திருக்கிறார்கள்.

ஏன் என்று கேட்பீர்கள். மாடி அறையின் சத்தம் எனக்குக் காதில் வந்துகொண்டிருந்தது. ஒரு குழந்தை சிணுங்கவில்லை, ஒரு சிப்ஸ் பொட்டலம் நொறுங்கவில்லை. என் காலத்தில் எந்தத் தொடருக்கும் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. அதைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை.

அதனால் அடுத்த கேள்வியைக் கேட்டேன். "எங்கம்மா போவே?"

"கிளமெண்டிக்கு. நூருன்னிசான்னு என் ஸ்கூல் ஃப்ரெண்டு. மார்க்கெட்டுக்கு எதிர் பிளாக்கு. துணி, பாஸ்போர்ட்டெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா அங்க சேத்துட்டேன் அங்கிள்."

கேட்டது ரித்திக் இல்லை. நான்தான்.

அவன் கீழே இறங்கி வந்தான். கைப்பையை அவளிடம் நீட்டினான். அவள், "எடிட்டிங் ரூம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். அவன் என்னை ஒரு தரம் பார்த்தான். "நல்லா இருந்துச்சு" என்றான். கூட வந்தவர்கள் யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்றைக்கு நான் விஷயத்தைப் போட்டு உடைக்கவில்லை. குனிந்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவன் கை கொடுத்து, "தேங்க்ஸ் அங்கிள், நல்ல டூர்" என்றுவிட்டுப் போனான்.

பஸ்ஸிலிருந்தே ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தான். தேக்கா மார்க்கெட்டில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே அதைப் படித்தேன். கடைக்காரரிடமும் காட்டினேன். இதைச் சொல்ல நாக்குக் கூசுகிறது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை அந்த பிளாக்கின் கீழ்ப்படியில் அவன் அவளுக்காகக் காத்திருந்ததும், பிறகு நடந்ததும் என்னைவிட உங்களுக்குத் தெரியும். நீங்கள் காட்டிய படங்களைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் அவள் இன்னும் கண் திறக்கவில்லை என்றீர்கள். திறக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளத்தான் போனேன், கோவில் வாசலில் செருப்பைக் கழற்றியதும் திரும்பி வந்துவிட்டேன். திறந்தால் முதலில் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும்.

நடுவில் நாட்கள் இருந்தன. உங்களுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். அவளைத் தேடிப் பிடித்து, போகாதே அம்மா, அவனுக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மைக்கைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வெட்கம் எனக்குப் பெரிதாக இருந்தது. பிளைவுட்டைப் பார்த்து வெட்கப்பட்டேன், நட்சத்திரம் குறைந்ததற்கு வெட்கப்பட்டேன், மாட்டிக்கொள்வதற்கு வெட்கப்பட்டேன். வெட்கப்பட வேண்டிய இடத்தில் மட்டும் விரலைச் சுழற்றிக்கொண்டிருந்தேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நீங்கள் ஸ்டூடியோவிலிருந்து எடுத்துப்போன அன்றைய பதிவு அவள் பேச ஆரம்பிப்பதிலிருந்துதான் இருக்கும். அதற்கு முந்தைய துண்டை நான்தான் அழித்தேன்.

அதில், பேசுவதற்கு முன்னால் அவள் தன் சட்டையிலிருந்த மைக்கைக் கையால் பொத்திக்கொண்டாள். நான் எப்போதோ அவளுக்குச் செய்துகாட்டிய மாதிரியே. "கட்தானே அங்கிள்?" என்று கேட்டாள். கை உரசினால் சத்தம் தெளிவாக வராது. அவள் விரல்களை மெதுவாக விலக்கிவிட்டு, "கட்தாம்மா, நீ பேசு" என்றேன்.