கம்புக்காரர்

எங்கள் தெருவில் கரண்ட் போனால் மின்சார ஆபீசுக்கு முன்னால் எனக்குத்தான் போன் வரும். குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் என்பதால் அல்ல. அந்தப் பதவியை வேறு யாரும் கேட்காததால் நான் வைத்திருக்கிறேன். நான் கம்புக்காரர். கள்ளக்குறிச்சியிலேயே வேறு தெருவில் சொன்னால் இந்த வார்த்தை புரியாது, அதனால் விளக்கிவிடுகிறேன், அய்யா.

எங்கள் அம்மன் தேர் தெருவுக்குள் வரும்போது குறுக்கே போகிற ஒயர்கள் கலசத்தில் இடிக்கும். கரண்டை நிறுத்திவிட்டு, நுனியில் கவை வைத்த நீள மூங்கிலால் ஒருவர் ஒயரைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அவர்தான் கம்புக்காரர். அவருக்குத் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். நான் கம்பைத் தூக்கினால் தேர் நகரும், தலையை ஆட்டினால் நிற்கும். வடம் பிடிக்கிற அத்தனை பேரும், தர்மகர்த்தா உட்பட, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மற்ற நாட்களில் நான் உரக்கடையில் மூட்டை எடை போடுகிறவன். என் மனைவி கமலா கூட அன்று ஒருநாள்தான் என்னிடம் தணிந்து பேசுவாள்.

இப்படி இருக்கையில், தேர் போகிற தெருக்களில் ஒயரை எல்லாம் பூமிக்கடியில் புதைக்கப் போவதாக உத்தரவு வந்தது. தெருவே சந்தோஷப்பட்டது. எதிர்வீட்டு மெஹ்ராஜ் பேகத்துக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. அவர்கள் மாடிச் சுவரிலிருந்து கையை நீட்டினால் ஒயர் எட்டும். பாராட்டுக் கூட்டம் போட்டோம். தலைமை தாங்கியது நான்தான்.

பள்ளம் தோண்டக் கல்வராயன் மலையிலிருந்து ஆட்கள் வந்த அன்று ஊரில் மறியல். பத்தரை சதவீத உள்ஒதுக்கீட்டைக் கோர்ட் ரத்து செய்திருந்த சமயம். பஸ் ஓடவில்லை. நான் ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டேன். "எங்க தெரு மொனையில கடப்பாறைய வச்சிக்கினு நெறைய பேரு ரோட்டத் தோண்டிக்கினு இருக்காங்க சார்" என்றேன். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. ஜீப் வந்தது. மலைக்காரர்களை மறியல்காரர்களோடு சேர்த்து ஏற்றிப்போய்ச் சாயங்காலம் வரை கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்தார்கள். மதியம் லெமன் சாதம் போட்டார்களாம். அதன்பிறகு அந்த ஆட்கள் எங்கள் தெருப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கான்ட்ராக்டரும் வேறு ஊர் வேலைக்குப் போய்விட்டார்.

மெஹ்ராஜ் பேகம் வாசலில் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். "இன்னாண்ணே, எப்பதான் பொதைப்பாங்க? துணி காயப்போடவே பயமா இருக்குது."

"போராட்டம் ஓயட்டும்மா. இப்பக் கடப்பாறையத் தொட்டாலே புடிச்சிக்கினு பூடறாங்க."

அந்தப் போராட்டத்துக்கு என்னைப் போல உண்மையான ஆதரவாளன் வேறு யாரும் இருந்திருக்க மாட்டான். அது ஓயவே கூடாது என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். ஆனாலும் இடையில் கொஞ்சம் தணிந்தது. அப்போது நான் வீடு வீடாகப் போய், "கேபிளுக்கு ஒரு பெரிய இரும்புப் பெட்டி வைக்கணுமாம். உங்க வாசல்லதான் வைக்கப் போறாங்களாமே?" என்று மட்டும் கேட்டேன். மீதியை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெட்டிக்காக அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்தினார்கள். புதைக்கிற வேலை அந்தப் பெட்டியிலேயே நின்றது.

மெஹ்ராஜ் பேகம் சும்மா இருக்கவில்லை. லைன்மேன் தெய்வசிகாமணியிடம் போய் நின்று அழுதிருக்கிறார். அவர் இளகிய மனசுக்காரர். கேபிள் வருகிற வரைக்கும் இருக்கட்டும் என்று, அந்த வீட்டு மாடியை ஒட்டிய ஒயருக்கு மட்டும் பிளாஸ்டிக் குழாயை மாட்டி இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார்.

தேருக்கு முந்தின வாரம் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தியபோது, வழக்கம்போல ஒத்திகை பார்த்தேன். குழாய் கவையில் உட்காரவில்லை. தூக்கினால் வழுக்கியது. ஊர் பார்க்க, பரிவட்டத்தோடு நிற்கிறவன் கையில் ஒயர் வழுக்கினால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள், அய்யா. அந்த வீட்டில் எல்லோரும் சங்கராபுரத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். ஏணி வைத்து ஏறிக் கழற்றினேன். தேர் முடிந்ததும் மறுபடி மாட்டிவிடுவதாகத்தான் எண்ணம். தூக்கிப் போட மனசு வரவில்லை, கொல்லையில் அவரைக்கொடிக்கு ஊன்றி வைத்தேன்.

மெஹ்ராஜ் பேகத்தின் மகள் ஜெபீனா பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். என்னை மாமா என்பாள். தேருக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஈரப் போர்வையை மாடியில் உதறினாள். ஒயரை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. குழாய் இருக்கிறது என்ற தைரியம். நல்ல பெண், அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

அறுந்த ஒயரை விசாரணைக்காக அப்படியே தொங்க விட்டிருந்தார்கள். மறுநாள் அவளுடைய ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் அதற்கு முன்னால் வந்து தயங்கி நின்றார்கள். நான் உள்ளே போய்க் கம்பை எடுத்துவந்து ஒயரைத் தூக்கிப் பிடித்தேன். தெரு முழுக்க என்னைத்தான் பார்த்தது. நான் தலையசைத்த பிறகுதான் நகர்ந்தார்கள். கடைசியாக வந்த, அவளைப் பெற்ற அத்தா அப்துல்லா என் தோளைத் தொட்டு, "நீங்க நல்லா இருக்கணும்ணே" என்றார். அவர் தெருமுனை திரும்புகிற வரைக்கும் நான் கம்பை இறக்கவில்லை. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

தேரைத் தள்ளிவைத்தார்கள். அதற்குள் அந்தக் கேபிள் பெட்டியை அப்துல்லாவே தன் வாசலில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். இத்தனை காலம் ஆகாத வேலை மளமளவென்று முடிந்தது. தேர் வந்தபோது நானும் கம்போடு முன்னால் போனேன். தூக்குவதற்கு மேலே வானம்தான் இருந்தது. தேர் எங்கேயும் நிற்கவில்லை. பின்னால் வந்தவர்களில் ஒருவன், "ஓரமாப் போங்க பெருசு" என்றான். அந்தப் பிள்ளையின் சாவை விட அது என்னை அதிகம் வாட்டியதாக கமலா சொல்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்.

இப்போது தெய்வசிகாமணியை சஸ்பெண்ட் செய்து வழக்கும் போட்டிருக்கிறீர்கள். குழாயை அவர் சரியாகக் கட்டவில்லையாம், காற்றில் கழன்று விழுந்துவிட்டதாம். டீக்கடையில் அதை ஒருவர் பேப்பரில் வாசிக்கக் கேட்டேன். அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. அவர் நன்றாகத்தான் கட்டியிருந்தார், அவிழ்க்க எனக்கே விரல் நொந்தது. எங்கள் தெருவில் ஒயரில் கைவைக்கிற ஆள் நான் ஒருவன்தான் என்று ஊருக்கே தெரியும். இதில் காற்று எங்கே வந்தது?

நான்தான் கழற்றினேன். வாக்குமூலத்தில் பெயரை இனிஷியலோடு எழுதுங்கள், அய்யா. ஆர். அரங்கநாதன். பக்கத்துத் தெருவில் வேறொரு அரங்கநாதன் இருக்கிறார், ஊர் அவரை நினைத்துவிடக் கூடாது.