நிறுத்தச் சொன்னவன் நான்

“அருளு, இன்ஜினை நிறுத்து! நிறுத்துலே!”

கத்தியது நான். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் பிறகு மனம் வராது.

வெள்ளிக்கிழமை. சாம்பல் புதன் கழிந்து ஒன்பதாம் நாள். காலை ஏழு மணி பத்து நிமிடம். வளைகுடா நாடு ஒன்றின் கடல். கரை தெரியவில்லை. நான் படகின் முன்னால், அணியத்தில் நிற்கிறேன். வழியில் கண்ணிவெடி ஏதும் மிதக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. சுக்கான் பிடித்திருப்பவன் அருளப்பன். என் மனைவி ஸ்டெல்லாவின் ஒரே தம்பி. வயது இருபத்தொன்பது. ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருப்பவன் கருப்பையா. திருவாடானைப் பக்கத்து விவசாயி மகன். நீச்சல் தெரியாது. நான்காவது ஆள் மூசா. அந்த நாட்டுக்காரர். வலைக்குப் பொறுப்பு அவர்.

கிழக்கே ஒரு சாம்பல் நிறப் புள்ளி. பெரிதாகிறது. போர்க்கப்பல். யாருடைய கப்பல் என்று அப்போது தெரியவில்லை. இன்றும் தெரியாது.

மூசா பின்னாலிருந்து கத்துகிறார்.

“நிக்காதே! ஓட்டு! ஓட்டு!”

அந்தத் தமிழ் நாங்கள் சொல்லிக்கொடுத்தது. இரண்டு வருடத்தில் முப்பது வார்த்தை கற்றிருப்பார். பாதி கெட்ட வார்த்தை. அருளப்பன் உபயம்.

அருளப்பன் அவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். என் பேச்சைக் கேட்டான். இன்ஜின் நின்றது.

ஏன் நிறுத்தச் சொன்னேன் என்று ராமேஸ்வரம் தீவில் எந்த மீனவனிடமும் விளக்கத் தேவையில்லை. எங்கள் கடல் குறுகல். கொஞ்சம் நீரோட்டம் இழுத்தாலே அடுத்த நாடு. ரோந்து வந்தால் என்ன செய்வது என்று எங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. அடிபட்டுத் தெரிந்துகொண்டோம். ஓடக் கூடாது. ஓடினால் கடத்தல்காரன் என்று நினைப்பார்கள். இன்ஜினை அணைக்க வேண்டும். ஒருவன்கூட உள்ளே ஒளிந்திருக்கக் கூடாது. எல்லோரும் மேலே வந்து வரிசையாக நிற்க வேண்டும். இடது கை தலைக்கு மேல். வலது கையில் மீனவர் அட்டை. படகு போகும். சிறை கிடைக்கும். உயிர் இருக்கும்.

நான் அப்படிப் பிழைத்தவன். பாக் நீரிணையில் ஒருநாள் நிறுத்தினேன். கையைத் தூக்கினேன். ஏழு மாதம் சிறை. என் படகு அந்தக் கரையில் மட்கிக் கிடக்கிறது. ஆனால் என்னோடு வந்த ஐந்து பேரையும் முழுசாக வீட்டில் சேர்த்தேன். ஸ்டெல்லா அதைத்தான் நம்பினாள். தம்பியை என்னோடு அனுப்பும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“போறப்ப ரெண்டு பேரு. வாரப்பவும் ரெண்டு பேரா வரணும்.”

“கூட்டிட்டு வாரேன்” என்றேன். சிலுவை போட்டுச் சொன்னேன்.

பரமக்குடியில் ஒரு ஏஜென்ட் எங்களை அனுப்பிவைத்தான். “அங்க எல்லையும் கிடையாது, எல்லைச் சண்டையும் கிடையாதுண்ணே. நிம்மதியா மீன் பிடிக்கலாம்” என்றான். எல்லைச் சண்டையில் நொந்துபோனவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? நம்பினேன். இரண்டு வருடம் அது உண்மையாகவும் இருந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை போர் வந்தது. யார் ஆரம்பித்தது என்று கேட்டால் இரண்டு பக்கமும் மற்றவனைக் காட்டியது. துறைமுகத் தெருவில் ஒலிபெருக்கி கட்டினார்கள். நாள் முழுக்கப் போர்ப் பாட்டு. நான் பார்த்தவரை அந்த ஊரில் யாரும் கை தட்டவில்லை. ரொட்டிக்கடை வரிசையில் நின்ற ஒரு பெண் வெளியே வந்தாள். ஒலிபெருக்கி வயரைப் பிடுங்கிப் போட்டாள். திரும்பவும் வரிசையில் போய் நின்றாள். அவள் இடத்தை அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். மூசா சிரித்தார். முந்தைய ஒரு போரில் மூத்த மகனைக் கொடுத்தவர் அவர். வீட்டுச் சுவரில் அரசாங்கம் தந்த பாராட்டுப் பத்திரம் தொங்கியது. அதை அவர் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டியிருந்தார்.

நாங்கள் ஊருக்குப் போன் போட்டோம். உதவி எண் ஒன்று கொடுத்தார்கள். ஆறு தடவை முயன்றதில் ஒரு தடவை எடுத்தார்கள். நல்ல மதுரைத் தமிழ். அந்தக் குரலைக் கேட்டதும் கருப்பையா அழுதுவிட்டான்.

“பேரு பதிஞ்சாச்சு. இருக்கிற எடத்துலயே இருங்க. நம்ம நாடு ரெண்டு பக்கத்துக்கும் வேண்டிய நாடு. கையில அட்டை இருக்குல்ல? நம்ம ஆளுகள ஒருத்தரும் தொட மாட்டாங்க.”

அதையும் நம்பினேன்.

புதன்கிழமை பகல் பதினொன்றரைக்குத் துறைமுகத்தில் முதல் குண்டு. டீசல் கிடங்கு எரிந்தது. வியாழக்கிழமை படகு முதலாளி வந்தான். எங்கள் பாஸ்போர்ட் அவனிடம் இருந்தது. படகு எரிந்துவிடக் கூடாது, தெற்கே இன்னொரு துறைக்கு ஓட்டிப் போங்கள், பாஸ்போர்ட் அங்கே கைக்கு வரும் என்றான். அவன் காரில் போனான். நாங்கள் கடலில் போனோம்.

அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை காலை அங்கே இருந்தோம்.

இன்ஜின் நின்றதும் கடல் சத்தம் மட்டும். பலகையில் தண்ணீர் அடிக்கிறது. நாங்கள் மூவரும் வரிசையாக நிற்கிறோம். இடது கை மேலே. வலது கையில் அட்டை. கருப்பையாவுக்கு எப்படி நிற்பது என்று அருளப்பன் காட்டிக்கொடுக்கிறான். மூசா சுக்கானுக்கு ஓடி வருகிறார். சாவியைத் திருகப் பார்க்கிறார். நான் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறேன். ஆமாம். பிடித்தேன். இறுக்கிப் பிடித்தேன். பயந்துவிட்டார், விவரம் தெரியாமல் ஓடப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

விவரம் தெரிந்தவர் அவர்தான். காலை ஆறே முக்காலுக்கு அவருடைய மொழியில் ரேடியோ சொல்லியிருக்கிறது; கரை சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கப்பல் வழியில் நிற்கிற படகு எதுவானாலும் அது கண்ணிவெடி போடுகிற படகு. போய்க்கொண்டிருந்தால் மீன்பிடிப் படகு. நின்றால் எதிரி. இதை எங்களுக்கு விளக்க அந்த முப்பது வார்த்தை போதவில்லை. ‘நிக்காதே’ மட்டும் போதும் என்று நினைத்திருப்பார். போதும்தான். கேட்டிருந்தால்.

மூன்று நிமிடம் நின்றோம். அருளப்பன் கையைத் தூக்கியபடியே திரும்பினான்.

“மச்சான், இங்கயும் ஏழு மாசந்தானா?”

கருப்பையா சிரித்தான். நானும் சிரித்தேன்.

முதலில் வெளிச்சம். பிறகு ‘டுப்’. ஈரத்துணியைக் கல்லில் அடித்தது மாதிரி ஒரே ஒரு சத்தம். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு எண்ணுமுன் குண்டு படகில் விழுந்தது.

தண்ணீருக்குள் இருக்கிறேன். காதில் ‘கீ’ என்று ஒரே சத்தம். வேறு சத்தம் இல்லை. மேலே வருகிறேன். படகின் பின்பாதி இல்லை; மூசாவும் அருளப்பனும் கண்ணில் படவில்லை. டீசல் கண்ணில் எரிகிறது. கருப்பையா நான்கு கை தூரத்தில் முங்கி முங்கி எழுகிறான். எட்டிப் பிடித்தேன். ஐஸ் பெட்டி மூடி மிதந்தது. அவனை அதில் போட்டேன். “அருளு! அருளு!” என்று கத்தினேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை. கருப்பையாவை விட்டுவிட்டுத் தேடப் போயிருக்கலாம். விட்டால் அவன் முங்கிவிடுவான். விடவில்லை. கப்பல் எங்களைக் கடந்து போனது. மேல்தட்டில் ஆள் நின்றது தெரிந்தது. எனக்கு அப்போதும் இடது கை தூக்கியே இருந்தது என்று கருப்பையா பிறகு சொன்னான்.

ஒன்பது இருபதுக்கு வேறொரு மீன்பிடிப் படகு வந்தது. அது வருவதற்குள் ஒரு பொருள் மிதந்து என் பக்கம் வந்தது. பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை. கழுத்துக் கயிறோடு. அருளப்பனின் படம். காலர் வைத்த சட்டை. போட்டோவுக்காக என்னிடம் இரவல் வாங்கிய சட்டை அது.

பதினேழு நாள் கழித்து மதுரை விமான நிலையம். எங்களோடு இன்னும் நிறையப் பேர். சால்வை. கேமரா. மைக்கில் ஒருவர் பேசுகிறார். “நம் மீனவர்கள் அனைவரும் பத்திரமாக மீட்கப்பட்டார்கள்.” அனைவரும். நான் அருளப்பனின் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அந்தச் சால்வையை வாங்கிக்கொண்டேன். அதற்கு இன்றும் கூசுகிறேன்.

விசாரணையில் கேட்டார்கள், படகு ஏன் நின்றது என்று. நான் வாயைத் திறக்குமுன் கருப்பையா முந்திக்கொண்டான். “இன்ஜின் பழுதாயிருச்சு சார்.” என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னான். நான் மறுக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

ஊருக்குப் போகிற வழியில் பரமக்குடியில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினார்கள். கடை டிவியில் கோட் போட்டவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். நம் நாடும் இறங்க வேண்டும், நாலு அடி கொடுத்தால்தான் உலகம் மதிக்கும் என்று ஒருவர் மேசையைத் தட்டினார். தறியிலிருந்து எழுந்து வந்திருப்பார் போல, தோளில் நூல் ஒட்டியிருந்த ஒருவர் டம்ளரை வைத்தார்.

“ஏலே, அந்தச் சனியன அமத்துலே. மாசத்துக்கு ஒரு சண்டை மூட்டுறாங்ய. இவிங்ய வீட்டுல இருந்து எவனாச்சும் போறானா?”

கடைக்காரர் அணைத்துவிட்டார். யாரும் போடச் சொல்லவில்லை.

வீட்டு வாசலில் ஸ்டெல்லா நின்றாள். எனக்குப் பின்னால் பார்த்தாள். வண்டியில் வேறு ஆள் இறங்குகிறதா என்று பார்த்தாள். அவளுக்குப் போனிலேயே தெரியும். தெரிந்தும் பார்த்தாள்.

அடக்கம் செய்ய உடல் இல்லை. கோயிலில் வெறும் பெட்டி வைத்துப் பூசை வைத்தோம். இறப்புச் சான்று கேட்டு அலுவலகம் போனேன். உடல் இல்லாவிட்டால் ‘காணாமல் போனவர்’ என்றுதான் எழுத முடியும், இறந்தவர் என்று சொல்ல ஏழு வருடம் பொறுக்க வேண்டும் என்றார்கள். ஏழு மாதம் என்று சிரித்தவனுக்கு ஏழு வருடம்.

பூசை முடிந்து கோயில் வாசலில் ஒரு கட்சிக்காரர் பேச வந்தார். இந்த ரத்தத்துக்குப் பதிலடி உண்டு என்றார். ஸ்டெல்லா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

“யார அடிப்பீங்க? சொல்லுங்க. என் தம்பியக் கொன்னது எவன்னு உங்களுக்குத் தெரியுமா? ரெண்டு பேருமே நான் இல்லைங்கிறான். பதிலடி கொடுக்கப் போற கப்பலுக்கு முன்னால இன்னொருத்தி தம்பி கையத் தூக்கிட்டு நிப்பான். போதும் சாமி. எங்கள விட்டுருங்க.”

ஊர்ப் பெண்கள் எல்லோரும் அவள் பின்னால் போய் நின்றார்கள். அவர் மைக்கைக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார்.

அன்று சாயங்காலம் அவளிடம் சொன்னேன். இன்ஜின் பழுதாகவில்லை. நான் நிறுத்தச் சொன்னேன். மூசாவின் கையைப் பிடித்ததும் நான். அவள் அட்டையை மடியில் வைத்திருந்தாள். அதன் கழுத்துக் கயிற்றை விரலில் சுற்றினாள்.

“நீங்க சொன்னா அவன் கேப்பான்” என்றாள். “அதுக்குத்தான் உங்களோட அனுப்புனேன்.”

மன்னித்தாளா, தெரியாது. மறுநாளிலிருந்து எனக்குச் சோறு போடுகிறாள். எதிரே உட்காருவதில்லை.

என்னை ஏமாற்றியவர்கள் பட்டியல் நீளம். ஏஜென்ட், முதலாளி, போனில் நல்ல தமிழ் பேசியவர், மைக்கில் ‘அனைவரும்’ என்றவர். எல்லோர்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் அருளப்பன் ஏஜென்ட் சொல்லி நிறுத்தவில்லை. நான் சொல்லி நிறுத்தினான்.

அரசாங்கக் கோப்பில் இருக்கிற கணக்கு இது. இறந்தவர் இல்லை. காணாமல் போனவர் ஒருவர். காரணம், இன்ஜின் பழுது. மூசா நம் நாட்டவர் இல்லை என்பதால் அவர் பெயரே இல்லை.

என் கணக்கு இது. ஒரு படகு. கருப்பையாவின் வலது காது. என் இரண்டு காதிலும் பாதி. மூசா, மகனைப் போருக்குக் கொடுத்தவர், எங்களை ஓட்டச் சொன்னவர். அருளப்பன், இருபத்தொன்பது வயது, ஸ்டெல்லாவின் ஒரே தம்பி. இறந்தவர்கள் இரண்டு பேர். இன்ஜின் பழுதாகவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.