கிரேக்க நோய்

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் பஸ்ஸில், எனக்கு முன் சீற்றில் இரண்டு நடுவயதுக்காரர்கள் இருந்தார்கள். குருக்கள்மடத்தைத் தாண்டும்போது சுருட்டைமுடிக்காரர் தன் சிநேகிதரிடம் சொன்னார்:

“எனக்கு வந்திருக்கிறது கிரேக்க நோய், மச்சான்.”

“அதென்ன நோய்?”

“டெனெஸ்மஸ். டொக்டர் அந்தப் பேரைச் சொன்ன உடன எனக்கு மேலெல்லாம் வேர்த்துப்போச்சு. வீட்ட வந்து படுத்திட்டன். சொந்தக்காரர் எல்லாம் தோடம்பழத்தோட பார்க்க வந்திட்டாங்க. நான் மொட்டை போடுவன் எண்டு பொஞ்சாதி சித்தாண்டி முருகனுக்கு நேர்த்தியும் வைச்சிட்டா. நானும் சாகப்போறவன் மாதிரி முனகிக்கொண்டு கிடந்தன்.”

“பிறகு?”

“மகள் போனில தேடிப் பார்த்தாள். கிரேக்கத்தில அதுக்கு முக்குறது எண்டுதான் அர்த்தமாம். கக்கூசுக்குப் போகவேணும் போல இருக்கும், போனா ஒண்டும் வராது.”

“அப்ப மொட்டை?”

“முருகனுக்குச் சொன்னதை மாத்த ஏலுமா? அதுக்குத்தான் இப்ப போறன். சொந்தக்காரருக்கு இன்னும் அர்த்தம் சொல்லல்ல. தோடம்பழம் முடியட்டும்.”

பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறியது. சுருட்டைமுடிக்காரர் சட்டென்று எழுந்து கம்பியைப் பிடித்தார்.

“தம்பி, பாலம் முடிய நிப்பாட்டுங்க. அவசரம்!”

“இரு மச்சான். போனாலும் ஒண்டும் வராது. நீதானே அர்த்தம் சொன்னாய்?” என்றார் சிநேகிதர்.

“அர்த்தம் எனக்கு விளங்கிட்டு. வயித்துக்குத்தான் இன்னும் விளங்கல்ல” என்றபடி அவர் கதவுப்பக்கம் நகர்ந்தார்.