பக்கிள் எந்தப் பக்கம்

— அதான பாத்தேன். கம்பெனி பூரா உன்னத் தேடறாங்க, நீ இன்னாடான்னா தோல் குடோன்ல, அடுக்குக்கு நடுவுல உக்காந்துனு இருக்க.

— மெதுவா பேசு முத்துமாரி. மொதல்ல கதவ சாத்து.

— சாத்திட்டேன். இன்னா, அழுவுறியா, சிரிக்கிறியா?

— எனக்கே தெரியல. அழலாம்னுதான் வந்தேன். உக்காந்ததும் சிரிப்பு வந்துடுச்சு.

— பிரிசில்லா, அந்த இத்தாலி செருப்பு ஜோடிய சேம்பிள் ரூம்ல பாதில வெச்சுட்டு ஓடியாந்திருக்கேன். பக்கிள் உள்பக்கம் வரணுமா, வெளிப்பக்கமா? ஆர்டர் பாக்கறவ நீ. நீ சொன்னாதான் நான் தைக்க முடியும். சாயந்திரம் கூரியர் வண்டி வந்துடும்.

— ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். அதுக்கு ஆர்டர் குடுக்கற அந்த இத்தாலிக்காரரோட மெயில படிக்கணும். அதுக்கு முன்னாடி ஆடிட் ஃபைல் குடுக்கணும். அதுக்கு முன்னாடி விலைப்பட்டியல். எல்லாத்துக்கும் முன்னாடி நிசார் சாரோட பிபிடி.

— நம்ம மேனேஜருக்கு இன்னாத்துக்கு பிபிடி?

— சனிக்கிழமை ஆண்டு விழால ஸ்க்ரீன்ல காட்டறதுக்கு. கம்பெனி வளந்த கதை. போட்டோ ஒவ்வொண்ணும் பறந்து வந்து உக்காரணுமாம். காலைலேர்ந்து ஃபோன் மேல ஃபோன்.

— அதுக்கா இங்க வந்து ஒளிஞ்சுக்கினு இருக்க?

— அது மட்டும் இல்லடி. அவசரத்துல அம்மாவுக்குப் போட வேண்டிய மெசேஜ் இத்தாலிக்காரருக்குப் போயிடுச்சு.

— இன்னா மெசேஜ்?

— 'புளி ஊறப்போடு, வர்றதுக்கு லேட்டாவும்'னு. இங்கிலீஷ் எழுத்துலதான் அடிச்சேன்.

— அவரு இன்னா சொன்னாரு?

— 'நோட்டட், வித் தேங்க்ஸ்'.

— ஐயோ, வயிறு வலிக்குது. நிறுத்து.

— இரு, இன்னும் இருக்கு. அவருக்குப் போக வேண்டியது அம்மாவுக்குப் போயிடுச்சு. 'ப்ளீஸ் கன்ஃபர்ம் தி கலர்'னு.

— சத்துவாச்சாரி வீட்ல உக்காந்துனு உங்கம்மா இன்னா முடிவு பண்ணாங்க?

— மெரூன். பார்டர் மட்டும் கொஞ்சம் அகலமா இருக்கணுமாம். கிறிஸ்துமஸ் புடவைன்னு நெனச்சுட்டாங்க.

— போதும்டி தாயே, மூச்சு முட்டுது. அப்ப இத்தாலிக்காரன் பொண்டாட்டி இந்நேரம் புளி தேடி கடை கடையா அலைஞ்சுனு இருப்பா.

— சிரிக்க வெக்காத. எதத் தொட்டாலும் இன்னொண்ணு கூப்பிடுது. எதையும் முடிக்கல.

— சரி, கண்ணத் தொடச்சுக்க. கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஆடிட் ஃபைல் இன்னிக்குக் குடுக்கலன்னா இன்னா ஆவும்?

— ஒண்ணும் ஆவாது. அவங்க அடுத்த வாரம்தான் வர்றாங்க.

— விலைப்பட்டியல்?

— கேட்டவரே லீவு போட்டுட்டு சோளிங்கர் மலையேறப் போயிருக்காரு.

— அந்த பிபிடி?

— நிசார் சார் கத்துவாரு.

— கத்தினா?

— கத்துவாரு. அவ்ளோதான்.

— இத்தாலி ஜோடி இன்னிக்குப் போவலன்னா?

— ஆர்டர் வேற கம்பெனிக்குப் போயிடும்.

— அப்புறம்?

— செருப்பு தைக்கற மூணாவது லைன மூடிடுவாங்க.

— அந்த லைன் பொம்பளைங்க பூரா என்கூட கம்பெனி பஸ்ல வர்றவங்கடி. ஜோதியக்கா இப்பதான் பெரிய பொண்ண காலேஜ்ல சேத்திருக்கா. காலைல பஸ்ல பூரா இந்த ஜோடி இன்னிக்குப் போயிடுமான்னுதான் என்னக் கேட்டுனு வந்தாங்க, தெரியுமா?

— அவங்க யாரும் எனக்கு ஒரு ஃபோன் கூடப் பண்ணல, முத்துமாரி.

— எப்படிப் பண்ணுவாங்க? உன் நம்பர் அவங்ககிட்ட ஏது?

— இத்தன நாளா யாரு ஜாஸ்தி கத்தறாங்களோ அவங்க வேலையத்தான் மொதல்ல செஞ்சுனு இருந்திருக்கேன். ஒரு நிமிஷம், ஃபோன எடுக்கறேன். மெயில்... இந்தா. வெளிப்பக்கம். பக்கிள் வெளிப்பக்கம்தான். மொத்தமே ரெண்டு வரி. இதப் படிக்கத்தான் காலைலேர்ந்து எனக்கு நேரமில்ல.

— அப்ப நான் போய் தைக்கிறேன். நீ நேரா நிசார் சார்ட்ட போய், பிபிடி நாளைக்குத்தான்னு சொல்லிடு.

— நேர்லயா? அவரப் பாத்தாலே எனக்கு வாய் ஒட்டிக்கும்.

— அப்ப இங்கயே சொல்லிப் பழகு. நான்தான் நிசார் சார். கைய பின்னாடி கட்டிக்கினேன், பாரு. 'அரே பிரிசில்லா, எங்கேம்மா என் பிபிடி?'

— சார், அது வந்து, இப்ப...

— 'போட்டோ பறக்குதா, பறக்கலியா?'

— பறக்கல சார்.

— 'ஏன் பறக்கல?'

— றெக்க இல்ல சார். ஐயோ, முடியலடி. மூஞ்ச அப்படி வெச்சுக்காத.

— நானும் சிரிச்சுட்டா எப்படி. இன்னொரு வாட்டி, ஒழுங்கா. தோல் அடுக்கப் பாத்துச் சொல்லு, என்னப் பாக்காத.

— சார். உங்க பிபிடி நாளைக்குத்தான். இன்னிக்கு இத்தாலி ஜோடி போவணும். அது போனாதான் மூணாவது லைனுக்கு வேலை. போட்டோ ஒரு நாள் கழிச்சுப் பறந்தா யாரும் சாவ மாட்டாங்க.

— நாளைக்கே போதும்மா.

— இப்ப அச்சு அசலா அவரு குரலே வந்துடுச்சு பாரு.

— பிரிசில்லா. நான் வாயே தெறக்கலடி.

— பயப்படாதீங்கம்மா. இங்கதான் இருக்கேன், இந்த அடுக்குக்குப் பின்னாடி.

— நிசார் சார்? நீங்க எப்ப சார் வந்தீங்க?

— பிரிசில்லா, நீ வர்றதுக்கு முன்னாடியே வந்துட்டேன். முத்துமாரி, நீ போய் பக்கிள தை. கூரியர் வண்டி வந்தா நான் நிறுத்தி வெக்கச் சொல்றேன்.

— போறேன் சார். நான் பேசினது சும்மா தமாஷுக்கு சார்.

— நல்லாத்தான் பேசின. போ, ஓடு.

— நானும் போறேன் சார்.

— நீ கொஞ்சம் இரும்மா பிரிசில்லா. சென்னைலேர்ந்து முதலாளி காலைலேர்ந்து பேஜார் பண்றாரு, சொன்ன வேலை எல்லாம் இப்பவே வேணுமாம். அதான் நானும் இங்க வந்து ஒளிஞ்சுக்கினேன். அந்தப் பறக்கற போட்டோ கூட அவரு கேட்டதுதான். உனக்கு என்னப் பாத்தா எப்படியோ, எனக்கு அவரப் பாத்தா அப்படி. இங்க வா, இப்படி எதிர்ல நில்லு. இப்ப நீதான் முதலாளி, நான் சொல்லிப் பாக்கறேன்.