மலைப்பக்கத்து இன்டர்நெட்

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மடியில் லேப்டாப் பையோடு இருந்த இளையவள் சத்தமாகவே சொன்னாள்:

"சர்வரைக் கையால தொட்டுக்கிட்டு நிக்கிறேன்க்கா. அப்பவும் இன்டர்நெட்டுதான் பிழைங்கிறாரு!"

"எந்த சர்வரு?"

"எங்க லேப்ல இருக்கிறது. ரத்த ரிப்போர்ட்டெல்லாம் அதுலதான். பிரவுசர்ல ஒரு பக்கத்தைத் திறந்துதான் எடுக்கணும். எதைத் தட்டினாலும் ரெண்டு நிமிஷம் சுத்திக்கிட்டே நிக்கும். அது வரைக்கும் ரிப்போர்ட் வேலையெல்லாம் நின்னுரும். கொழும்பு ஆபீஸ் சார்கிட்ட நாலு நாளாச் சொல்றேன். 'மலைப்பக்கம் இன்டர்நெட் அப்படித்தான்'ங்கிறாரு. கொஸ்லந்தையிலருந்து மாசமான புள்ள ஒண்ணு, ரத்த ரிப்போர்ட்டுக்கு ரெண்டு தடவ பஸ் ஏறி வந்து வெறுங்கையோட போச்சுக்கா."

"அப்புறம்?"

"நேரா சர்வர்லயே திறந்து பார்த்தேன். அதுக்கு இன்டர்நெட்டே வேணாம். அப்பவும் ரெண்டு நிமிஷம்! சர்வர் தான் செய்றதையெல்லாம் எழுதி வைக்குமே, அந்த லாக்கைப் பார்த்தா, ஒவ்வொரு தடவையும் அப்டேட் இருக்கான்னு கேட்டு, எப்பவோ மூடிப்போன ஒரு தளத்தோட பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்கு. அப்படிக் கேக்கிறதை நிறுத்தினேன். டக்குனு திறந்துச்சு."

"சார் என்ன சொன்னாரு?"

"'கொழும்பு டீம் சரி பண்ணிருச்சு'ன்னு எல்லாருக்கும் மெயில் போட்டாருக்கா!"



"நீ சும்மாவா இருந்த?"

"லாக்கையும் சேர்த்து எல்லாருக்கும் பதில் போட்டேன். ஒடனே போன். 'எனக்கு மட்டும் சொல்லியிருக்கலாமே'ன்னாரு. 'நாலு நாளா ஒங்களுக்கு மட்டும்தானே சார் சொன்னேன்'னேன்."